யாழ்ப்பாணத்துக்கு இலகு ரயில் சரிவருமோ, இல்லை இது வெளிநாட்டுக்காரரின்ர கனவோ?

வாட்டர்லூ வாசி எழுதியது:

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மூண்டு கிழமை நிண்டிட்டுத் திரும்பின ஆள் நான். கனடாவில கிச்சினர்–வாட்டர்லூ பக்கம் இருக்கிறன். ஒரு நாள் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்ட நேரம் பாத்து ஆஸ்பத்திரி வீதியால ஓட்டோவில வெளிக்கிட்டன். நடந்து போன கிழவர் ஒருத்தர் எங்களை ரெண்டு தரம் முந்திப் போனார். ரெண்டாம் தரம் சிரிச்சிட்டும் போனார். அப்ப வந்த யோசனைதான் இது.

எங்கட இடத்தில 2019 யூனில ‘அயன்’ எண்ட இலகு ரயில் (ட்ராம் மாதிரி, வீதியோட ஓடுற சின்ன ரயில்) ஓடத் தொடங்கினது. 19 கிலோமீற்றர், 19 தரிப்பிடம், 868 மில்லியன் கனடா டொலர். தொடங்க முன்னம் ஊரே அடிபட்டது. "இது என்ன ரொறொன்ரோவோ, நடுத்தர ஊருக்கு ஏன் ரயில்" எண்டு கேக்காத ஆளில்லை. வாட்டர்லூ பிராந்தியம் முழுக்க 2021 கணக்கெடுப்பில 5 இலட்சத்து 87 ஆயிரம் பேர். யாழ்ப்பாண மாவட்டத்தில 2012 கணக்கெடுப்பில 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். இலக்கத்தைப் பாத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். அங்க ஏலுமெண்டால் இங்க ஏன் ஏலாது? பஸ் நிலையத்திலயிருந்து திருநெல்வேலி, கோண்டாவில் தாண்டி சுன்னாகம் மட்டும் ஒரு பாதை போட்டால் என்ன?

நக்கல் அடிக்கிறவை அடியுங்கோ. ஆனால் காரணத்தோட அடியுங்கோ.

---

கோண்டாவிலான் எழுதியது:

அண்ணை, முதல் சந்திகளில இருக்கிற சிக்னல் லைற் ஒழுங்கா எரியட்டும். பேந்து ரயிலைப் பற்றிக் கதைப்பம்.

---

வரைபடம் எழுதியது:

நான் மொறட்டுவையில நகரத் திட்டமிடல் படிச்சனான், அதால கொஞ்சம் நீளமா எழுதிறன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

மாவட்டத்தை மாவட்டத்தோட ஒப்பிட்டதிலதான் பிழை தொடங்குது. யாழ் மாநகரசபை எல்லைக்குள்ள 2012 இல இருந்தது 88 ஆயிரம் பேர் அளவில, 20 சதுர கிலோமீற்றர் அளவு நிலத்தில. மிச்சப் பேர் வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் எண்டு சிதறி இருக்கினம். அதுவும் எப்பிடி? ஆளுக்கு ரெண்டு பரப்புக் காணி, ஒரு கிணறு, நாலு தென்னை, சுத்தவர மதில். தண்டவாளத்தில ஓடுற எதுவும் தரிப்பிடத்துக்கு நடந்து வாற தூரத்தில ஆக்கள் நெருக்கமா இருந்தால்தான் நிரம்பும். எங்கட ஒழுங்கைக்குள்ள 500 மீற்றர் நடந்தால் பத்து வீடும் நாலு நாயும்தான் வரும்.

இப்ப கொள்ளளவு. ஒரு பஸ்ஸில 60 பேர், ரெண்டு நிமிசத்துக்கு ஒரு பஸ் எண்டால் ஒரு பக்கத்துக்கு மணிக்கு 1,800 பேர் போகலாம். அயன் வண்டி ஒண்டில ஏறக்குறைய 200 பேர் ஏறலாம். அஞ்சு நிமிசத்துக்கு ஒண்டு விட்டால் மணிக்கு 2,400. அதாவது பஸ்ஸை ஒழுங்கா ஓட்டினாலே ரயிலின்ர முக்கால்வாசி வேலை நடக்குது. எங்கட காங்கேசன்துறை வீதியில ரெண்டு நிமிசத்துக்கு ஒரு பஸ் எந்த நேரத்திலயாவது ஓடுறதோ? இல்லை. பிறகென்னத்துக்கு அதைவிடப் பெரிய வண்டி?

வாட்டர்லூவில பாதையோட ஒட்டி ரெண்டு பல்கலைக்கழகம் இருக்கு. காலமை, மத்தியானம், இரவு எண்டு எந்த நேரமும் பெடியள் ஏறி இறங்குவாங்கள். எங்கட கம்பசும் இருக்குத்தான். ஆனால் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில. மிச்சப் பிள்ளையளில கனபேர் சயிக்கிள், ஸ்கூட்டி.

---

பாரிஸ் தம்பி எழுதியது:

வரைபடம் அண்ணை சொல்லுறதைக் கேட்டால் சின்ன ஊருக்கு ட்ராமே கூடாது எண்ட மாதிரி இருக்கு. பிரான்சில பெசான்சோன் எண்டு ஒரு ஊர், சுவிஸ் எல்லைக்குக் கிட்ட. நகரத்துக்குள்ள ஒரு இலட்சத்து 20 ஆயிரம் பேர்கூட இல்லை. 2014 இல 14.5 கிலோமீற்றருக்கு ட்ராம் விட்டவை. செலவு ஏறக்குறைய 25 கோடி யூரோ. மற்ற ஊரெல்லாம் தங்கட ட்ராமுக்குத் தனி மூக்கு, தனி அலங்காரம் எண்டு கேக்க, உவை கடையில இருக்கிற சட்டையை வாங்கிப் போட்ட மாதிரிச் சின்ன வண்டியா வாங்கிச் செலவை இறக்கினவை. என்ர மாமா ஆக்கள் அங்க இருக்கினம், நான் ஏறியும் இருக்கிறன். மலைமேல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகுது.

அப்ப 88 ஆயிரம் பேருக்கு ஏன் ஏலாது?

---

வரைபடம் எழுதியது:

தம்பி, நல்ல உதாரணம். அதே உதாரணத்தாலயே மறுமொழி சொல்லுறன். பிரான்சில ஒரு அளவுக்கு மேல ஆக்களை வேலைக்கு வச்சிருக்கிற ஒவ்வொரு முதலாளியும் சம்பளப் பட்டியலில ஒரு வீதத்தை ஊர்ப் போக்குவரத்துக்கெண்டு வரியாக் கட்டவேணும். கடை, தொழிற்சாலை, ஆஸ்பத்திரி எல்லாம் கட்டும். பெசான்சோன் ட்ராம் ரிக்கெற் காசில மட்டும் ஓடேல்லை. இங்க அப்பிடி ஒரு வரி போட ஆருக்கு அதிகாரம்? மாநகரசபைக்கோ? மாகாணசபைக்கோ? மாகாணசபையின்ர காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே வைக்கேல்லை.

கட்டிற காசை ஆராவது கடனாத் தருவினம். ஓட்டுற காசை வருசா வருசம் ஆர் தாறது எண்டதுதான் கேள்வி.

---

ஸ்காபரோ மாமா எழுதியது:

பிள்ளையள், கனடாவில எல்லாம் வடிவா நடக்குது எண்டு நினைக்காதேங்கோ. ரொறொன்ரோவில நாங்கள் இருக்கிற ஸ்காபரோப் பக்கம் 1985 இல தொடங்கின ரயில் ஒண்டு 2023 யூலையில கடைசிப் பெட்டி தடம் கழண்டு, அதோட சரி, மூடியாச்சு. இப்ப பஸ். எக்ளிங்டன் வீதி இலகு ரயில் 2011 இல கிண்டத் தொடங்கினவை, 2020 இல ஓடும் எண்டவை. 2025 முடியிற மட்டும் ஓடேல்லை. அந்த வீதியில கடை வச்சிருந்த எங்கட ஆக்கள் எத்தினை பேர் பூட்டிப்போட்டுப் போனவை தெரியுமோ?

கஸ்தூரியார் வீதியை ஆறு வருசம் கிண்டி வச்சால் என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. நகைக்கடைக்காரர் விடுவினமோ?

---

கோண்டாவிலான் எழுதியது:

கஸ்தூரியாரை விடுங்கோ. காங்கேசன்துறை வீதியிலயே ரெண்டு தண்டவாளத்துக்கு ஆகக் குறைஞ்சது ஆறு, ஏழு மீற்றர் வேணும். அதுக்கு மேல பஸ், லொறி, ஓட்டோ, சயிக்கிள், நடுவில படுத்திருக்கிற மாடு. வீதி அகலிக்கிறதெண்டால் மதில் உடைக்கவேணும். எங்கட சனம் கொடுப்பனவு எண்டால் வாங்கும், காணியெண்டால் கொஞ்சம் விடும். மதிலை உடைக்க மட்டும் விடாது. வெளிநாட்டுக் காசில அண்டைக்குத்தான் கட்டி, கேற்றில சிங்கம் ரெண்டு வச்சிருக்கும்.

முட்டாஸ் கடைச் சந்தியில ஒரு ட்ராம் வளையிறதை நினைச்சுப் பாருங்கோ. எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் இருக்கு.

---

கொழும்பு றோட்டு எழுதியது:

இதையும் ஒருக்காப் பாருங்கோ. கொழும்பில மாலபேயிலயிருந்து கோட்டை மட்டும் இலகு ரயில், 15.7 கிலோமீற்றர், 16 நிலையம், யப்பான் கடன், வட்டி 0.1 வீதம், 40 வருசத்தில கட்டலாம். 2019 மார்ச்சில ஒப்பந்தம். 2020 செப்ரெம்பரில "செலவு கூட" எண்டு ஒரு கடிதத்தில நிப்பாட்டினவை. மேல்மாகாணத்துக்கே அவ்வளவுதான். இனி யாழ்ப்பாணத்துக்கு ஆர் தரப்போறான்?

உலக வங்கி 2016 இல மூலோபாய நகரத் திட்டத்தில யாழ்ப்பாணத்துக்கெண்டு ஒதுக்கினது 55 மில்லியன் அமெரிக்க டொலர். வீதி, வாய்க்கால், பூங்கா எல்லாம் அதுக்குள்ளதான். அயன் ஒண்டுக்கே அதைவிடப் பத்து மடங்குக்கு மேல போயிருக்கு.

---

மல்லாகத்தாள் எழுதியது:

நான் தாதி. காலமை 7 மணிக்கு வேலை ஏறவேணும், யாழ்ப்பாணத்தில. பின்னேர வேலையெண்டால் இரவு 7க்கு இறக்கம். ஆம்பிளையள் எல்லாரும் மில்லியன், கிலோமீற்றர் எண்டு கதைக்கிறியள். எனக்கு ஒரு சின்னக் கேள்வி. இரவு 7.15க்கு வெளியில வந்து நிக்கிற பொம்பிளை எதில வீட்டை போறது?

நான் ஸ்கூட்டி வாங்கினதே ஒருநாள் இரவு தரிப்பிடத்தில ஒண்டரை மணித்தியாலம் நிண்ட பிறகுதான். வந்த ஒரு பஸ்ஸும் நிக்காமல் போச்சு. என்னோட நிண்ட, கூட்டித் துடைக்கிற அம்மாவுக்கு ஸ்கூட்டி வாங்க வழியில்லை, அவ இப்பவும் மகனைக் கூப்பிட்டுத்தான் போறா. மழைக்கு ஒதுங்கக் கூட இடமில்லை. ஒரு நிழற்குடை இருக்கு, ஆரோ வெளிநாட்டில இருக்கிறவர் தாய் தகப்பன் ஞாபகார்த்தமாக் கட்டினது. கல்வெட்டுப் பெரிசு, கூரை சின்னன்.

ரயிலோ பஸ்ஸோ எனக்கு ஒண்டுதான். எத்தினை மணிக்கு வரும் எண்டு எழுதி, அந்த மணிக்கு வந்தால் காணும்.

---

750காரன் எழுதியது:

அக்கா, நிக்காமல் போற பஸ்ஸுக்கு ஒரு காரணம் இருக்கு, கோவிக்காமல் கேளுங்கோ. நான் பருத்தித்துறை 750 றூட்டில மினிபஸ் ஓடினனான். எங்களுக்குச் சம்பளம் ஒருத்தரும் தாறேல்லை. ஏறுற சனத்தின்ர காசுதான் டீசல், ரயர், நடத்துநர், முதலாளி எல்லாம். அதாலதான் சந்தியில உருட்டி உருட்டி நிப்பம், பின்னால மற்ற பஸ் வாறதைக் கண்டால் பறப்பம். இரவு ஏழரைக்கு அஞ்சு பேருக்காக மல்லாகம் மட்டும் ஓடினால் டீசல் காசுக்கும் வராது. அரசாங்க பஸ்ஸும் தனியாரும் ஒரே நேர அட்டவணையில ஓடவேணும் எண்டு எத்தினை வருசமாக் கூட்டம் போடுகினம். கூட்டத்தில தேத்தண்ணி மட்டும்தான் நேரத்துக்கு வரும்.

இன்னொண்டு. நீங்கள் எல்லாரும் காங்கேசன்துறைப் பக்கத்தையே கதைக்கிறியள். வடமராட்சி எண்டு ஒரு இடம் இருக்கு. பருத்தித்துறைக்கு ஒரு காலமும் கோச்சி வந்ததில்லை. எங்கட பெரியாக்கள் கொடிகாமத்தில கோச்சியால இறங்கி, தட்டிவானில மூட்டை முடிச்சோட ஏறித்தான் ஊருக்கு வந்தவை. இலகு ரயிலும் வலிகாமத்துக்கு மட்டும்தானோ?

---

பழைய ஸ்ரேசன் மாஸ்ரர் எழுதியது:

இவ்வளவு நேரமும் வாசிச்சுக் கொண்டுதான் இருந்தனான். உங்களில ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லையே எண்டு பாத்தன். புகையிரத திணைக்களத்தில இருந்து இளைப்பாறி இப்ப வீட்டில தோட்டம் செய்யிறன்.

பிள்ளையள், யாழ்ப்பாணத்தில உள்ளூர் ரயில் ஒரு புதுச் சங்கதி இல்லை. வடமாகாணத்துக்குள்ள ரயில் பாதையில முதல் திறந்தது எந்தத் துண்டு? கொழும்புப் பக்கத்திலயிருந்து வந்து சேர்ந்த துண்டு எண்டுதான் எல்லாரும் நினைப்பினம். இல்லை. 1902 மார்ச்சில காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில, இருபது மைலுக்கு மேல. கப்பலில காங்கேசன்துறைக்குச் சாமான் இறக்கி, இங்கயிருந்து தெற்க போட்டுக்கொண்டு போனவை. கொழும்பு வண்டி ஓட 1905 ஆச்சு. அதுமட்டும் அந்தக் கோச்சி எங்கட ஊர்களுக்குள்ளதான் ஓடினது. நீங்கள் இப்ப கேக்கிறதைத்தான் அப்ப வெள்ளைக்காரன் தற்செயலாச் செய்திருக்கிறான்.

கொழும்புக் கடுகதி யாழ்தேவி 1956 இல வந்தது. 1990 இல சண்டையோட எல்லாம் நிண்டது. தண்டவாளம் பங்கருக்குப் போச்சு, சிலிப்பர்க் கட்டையும் போச்சு. இந்தியக் கடனில திருப்பிப் போட்டு 2014 ஒக்டோபரில யாழ்ப்பாணம், 2015 தொடக்கத்தில காங்கேசன்துறை. புதுத் தண்டவாளம், புது சிக்னல், நிலையமெல்லாம் வெள்ளை அடிச்சு வடிவா நிக்குது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். ஏறக்குறைய 18 கிலோமீற்றருக்குள்ள ஏழு இடைத்தரிப்பு. காங்கேசன்துறை வீதிக்குக் கூப்பிடு தூரம். இதைவிட இலகு ரயிலுக்கு என்ன வேணும்? மதில் ஒண்டும் உடைக்கத் தேவையில்லை. அதில இப்ப ஓடுறது பெரும்பாலும் கொழும்பு வண்டிகள்தான், ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணலாம். மிச்ச நேரம் ஆடு மேயுது.

எரிபொருள் இல்லாத காலத்தில, 2022 யூலையில, ‘யாழ் ராணி’ எண்டு காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையில உத்தியோகத்தருக்கெண்டு ஒரு றெயின் விட்டவை. சனம் ஏறினது. அப்ப ஏலுமாயிருந்தது.

---

வரைபடம் எழுதியது:

மாஸ்ரர் ஐயா, நான் படிச்ச நாலு வருசத்தில 1902 சங்கதி ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

இதுக்கு வெளியில முன்மாதிரியும் இருக்கு. யேர்மனியில கால்ஸ்றூ எண்ட ஊரில 1992 இல நகரத்து ட்ராமையே பெரிய ரயில் பாதையில ஏத்தி அயல் ஊர்களுக்கு ஓடவிட்டவை. கிராமத்தில ஏறினால் நடுநகரத்துக் கடைத்தெருவில இறங்கலாம். ரெண்டு விதமான மின்சாரத்திலயும் ஓடுற வண்டி, அது எங்களுக்குத் தூரத்துப் பேச்சு. ஆனால் இருக்கிற பாதையை ஊர்ப் பயணத்துக்குப் பாவிக்கலாம் எண்ட எண்ணத்தை எடுக்கலாம்.

ஐயாவிட்ட ஒரு கேள்வி. தனித் தண்டவாளம். எத்தினை நிமிசத்துக்கு ஒண்டு விடலாம்?

---

பழைய ஸ்ரேசன் மாஸ்ரர் எழுதியது:

இது என்ர பாடம். கேளுங்கோ.

சின்ன டீசல் செட் (எஞ்சினும் பெட்டியும் ஒண்டாச் சேர்ந்த வண்டி) எண்டு வையுங்கோ, எல்லா இடமும் நிண்டு போக 40 நிமிசம். நடுவில ஒரு இடத்தில குறோசிங், உதாரணத்துக்குச் சுன்னாகத்தில. அங்க மேல போறதும் கீழ வாறதும் ஒண்டையொண்டு விலத்தும். குறோசிங்கிலயிருந்து முனைக்கு 20 நிமிசம். ஒரு வண்டி அந்தத் துண்டுக்குள்ள போய்த் திரும்பி வரும்வரை மற்றது போகேலாது, அப்ப 40 நிமிசத்துக்குக் குறைய ஏலாது. முனையில திரும்பிற நேரத்தையும் சேத்தால் ஒரு சுற்று 90 நிமிசம். ரெண்டு செட் இருந்தால் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு வண்டி. இது கிட்டத்தட்டக் காசில்லாத கணக்கு.

20, 22 நிமிசத்துக்கு ஒண்டு வேணுமெண்டால் மூண்டு குறோசிங், நாலு செட். இது காசுள்ள கணக்கு. அதுக்கும் கொழும்பு வண்டி பிந்தி வந்தால் முழு அட்டவணையும் குழம்பும். அது பிந்தாமல் வராது, நான் அதைப் பாத்தே நரைச்சவன்.

பெரிய சிக்கல் வண்டி இல்லை, வீதி தண்டவாளத்தைக் குறுக்கறுக்கிற கடவை. எங்கட பாதையில பாதுகாப்பில்லாத கடவை கனக்க. எத்தினை உயிர் போயிருக்கு. காக்கிறவை பொலிசின்ர கீழ சொற்பக் காசுக்கு வெயிலுக்குள்ள குந்தியிருக்கினம். ஒரு நாளைக்கு நாப்பது தரம் வண்டி ஓட முன்னம் ஒவ்வொரு கடவையிலயும் கேற் வேணும், அந்த ஆக்களுக்கு ஒழுங்கான நியமனம் வேணும். நாவலர் வீதிக் கடவை 20 நிமிசத்துக்கொருக்காப் பூட்டினால் வாகனம் எங்க மட்டும் நிக்கும் எண்டதையும் படிச்ச ஆக்கள் பாருங்கோ.

---

கோண்டாவிலான் எழுதியது:

எனக்கு இப்ப நக்கல் அடிக்க மனம் வரேல்லை. எங்கட வீட்டுக் கிணத்தடியிலயிருந்து பாத்தால் தண்டவாளம் தெரியும். பத்து வருசமா நானும் கோச்சி எண்டால் கொழும்புக்குப் போறதுக்கு மட்டும் எண்டுதான் நினைச்சிருக்கிறன்.

ஆனால் ஒண்டு. யாழ்ப்பாணம் ஸ்ரேசனில இறங்கின ஆள் பெரியாஸ்பத்திரிக்கோ பஸ் நிலையத்துக்கோ போறதெண்டால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர். சித்திரை வெயிலில நடப்பியளோ? ஓட்டோக்காரன் அந்த ஒரு கிலோமீற்றருக்குக் கேக்கிற காசில மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு நாள் பெற்றோல் அடிக்கலாம்.

---

வாட்டர்லூ வாசி எழுதியது:

இழையைத் துவக்கின ஆள் எண்ட முறையில என்ர பிழையை ஒப்புக்கொள்ளுறன். சனத்தொகை ஒண்டாயிருக்கு எண்டு துள்ளினன். நேற்று இரவு எங்கட ஊரின்ர கதையைத் திருப்பி வாசிச்சன். அங்க என்ன நடந்ததெண்டால்:

2000 ஆம் ஆண்டில கிச்சினர் பஸ்ஸையும் கேம்பிரிட்ஜ் பஸ்ஸையும் ஒண்டாக்கிப் பிராந்திய சபைக்குக் கீழ கொண்டுவந்தவை. ஒரு ரிக்கெற், ஒரு அட்டவணை. 2005 இல, ரயில் வரப்போற அதே பாதையில, குறைஞ்ச தரிப்போட கடுகதி பஸ் விட்டவை. அது நிரம்பின பிறகுதான் ரயில் கதை சூடு பிடிச்சது. தண்டவாளம் ஓடினது 2019 இல. 19 வருசம். நான் கண்டது கடைசி அத்தியாயம் மட்டும். கேம்பிரிட்ஜ் பக்கம் இப்பவும் பஸ்தான் ஓடுது, அவை இண்டைக்கும் அதுக்குச் சண்டை.

இன்னொண்டும் கண்டன், மாஸ்ரர் ஐயாவுக்குப் பிடிக்கும். அயன் பாதையில ஒரு துண்டு பழைய சரக்கு ரயில் பாதை. பகலில எங்கட வண்டி, இரவில எங்கட வண்டி நிண்ட பிறகு அதே தண்டவாளத்தில சரக்கு வண்டி. நான் தினமும் அதில போய்க்கொண்டு இதைக் கவனிக்கேல்லை. ஊருக்கு வந்து ஓட்டோவுக்குள்ள இருந்து ‘ஏன் இங்க இல்லை’ எண்டு கேட்டிருக்கிறன், வெக்கமாக் கிடக்கு.

---

வரைபடம் எழுதியது:

2000 எண்ட அந்த முதல் படிதான் முக்கியம் அண்ணை. அங்க பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பெரும்பாலான பெரிய வீதிக்கும் பிராந்தியம் ஒண்டுதான் பொறுப்பு. இங்க பாருங்கோ. ரயில் கொழும்பில ஒரு திணைக்களம். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) இன்னொரு சபை. தனியார் பஸ்ஸின்ர பேமிற் மாகாண அதிகார சபை. பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபை, நடுத்தர வீதி மாகாணம், ஒழுங்கை மாநகரசபை அல்லது பிரதேச சபை. கொக்குவில் ஸ்ரேசன் வாசலில ஒரு பஸ் நிப்பாட்டவேணும் எண்டால் அஞ்சு கந்தோருக்குக் கடிதம். 868 மில்லியன் டொலரை நாளைக்கு ஆரும் இலவசமாத் தந்தாலும் வாங்கிறதுக்கு ஒரு கை இல்லை. அஞ்சு கை நீளும்.

அதால என்ர பதில் இப்ப மாறீட்டுது. முதல் நான் ‘சனம் காணாது’ எண்டன். அது அரைவாசிதான் சரி. அலுவலக நேரத்தில காங்கேசன்துறைப் பக்கச் சனம் முக்கால் மணித்தியால ரயிலுக்குத் தாராளமாக் காணும். புது இலகு ரயிலுக்குத்தான் காணாது. மாஸ்ரர் ஐயாவின்ர ரெண்டு செட் கணக்கோட தொடங்கவேணும், தெல்லிப்பழை ஆஸ்பத்திரி ஒரு முனையில, பெரியாஸ்பத்திரி மற்ற முனையில. புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை போற சனம் மட்டும் எவ்வளவு.

---

ஸ்காபரோ மாமா எழுதியது:

ரெண்டு செட் டீசல் பெட்டிக்கு ஒரு ஊர்ச்சங்கமே காசு சேர்த்திடும். நாங்கள் கோயிலுக்குத் தேர் செய்து அனுப்பினனாங்கள்.

---

கொழும்பு றோட்டு எழுதியது:

மாமா, தேரை நீங்கள் அனுப்பலாம், இழுக்கச் சனம் வரும். ரயில் செட்டைத் திணைக்களம் தவிர வேற ஆரும் தண்டவாளத்தில வைக்கேலாது.

---

மல்லாகத்தாள் எழுதியது:

சரி, எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்த மாதிரிக் கிடக்கு. மாஸ்ரர் ஐயா, உங்கட முக்கால் மணித்தியால அட்டவணையில காலமை முதல் வண்டி மல்லாகத்துக்கு எத்தினை மணிக்கு? நான் 6.50க்கு ஆஸ்பத்திரி வாசலில நிக்கவேணும். இரவு 7 மணிக்கு வேலை இறங்கிறவைக்கும் ஒண்டு வேணும். ஏழுக்கு வெளிக்கிடுற வண்டி எண்டு எழுதிப் போடாதேங்கோ. உடுப்பு மாத்தி ஸ்ரேசனுக்கு வர ஏழரை ஆகும்.

---

பழைய ஸ்ரேசன் மாஸ்ரர் எழுதியது:

கொப்பியில கீறிப் பாத்தன் மகள். காங்கேசன்துறை 5.45, மல்லாகம் 6.00, யாழ்ப்பாணம் 6.25. இரவு யாழ்ப்பாணம் 7.40, மல்லாகம் 8.05. கொழும்பு வண்டிக்கு இடம் விட்டுத்தான் போட்டிருக்கிறன். 6.25க்கு இறங்கினால் உங்களுக்கு 25 நிமிசம் இருக்கு. நடந்தாலும் காணும், மழையெண்டால்தான் கஷ்டம்.

---

750காரன் எழுதியது:

மழையெண்டால் நடக்கத் தேவையில்லை. 6.25க்கு ஸ்ரேசன் வாசலில என்ர வான் நிக்கும், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், கம்பஸ் எண்டு ஒரு சுற்று. இரவும் நிக்கும். அஞ்சு பேர் வந்தாலும் ஓடுவன், ஐம்பது பேர் வந்தாலும் ஓடுவன்.

அஞ்சு பேர் வாற நாளில டீசல் காசு தாறது ஆர் எண்டு மட்டும் ஆராவது எழுதுங்கோ. நெல்லியடியில ஒரு ஹயர் இருக்கு, பின்னேரம் வந்து பாக்கிறன்.